மத்தளமும் கோலும்: திருகோணமலைப் பின்னணியில் இசை நெறியாள்கைக் கல்வி – ஒரு வரலாற்று நோக்கு

எமது இசை வரலாற்றாய்வுகள் பண், இராகம், உருப்படி, வித்துவான் என்பன பற்றி விரிவாகப் பேசியுள்ளன. ஆனால், பலர் கூடி இசைக்கும்போது அவர்களை ஒருவராக்கும் ஆற்றல் யாரிடம் இருந்தது, அவ்வாற்றல் எவ்வாறு கற்கப்பட்டது, கற்றவர்க்கு அது எத்தகைய வாழ்வை அளித்தது என்னும் வினாக்கள் ஓரங்கட்டப்பட்டே வந்துள்ளன. கூட்டிசையை முன்னின்று நடத்தும் இக்கலையை நாம் ஈண்டு ‘இசை நெறியாள்கை’ எனக் குறிப்போம். நாடகத் துறையில் எம்மிடையே ஏலவே வழங்கும் நெறியாள்கை என்னுஞ் சொல்லே இசைக்கும் பொருந்துவதாகும்.

இவ்வாய்வுக்குத் திருகோணமலையை நிலைக்களமாகக் கொள்வதற்குக் காரணமுண்டு. இங்கு இரு வேறு நெறியாள்கை மரபுகள் சில மைல் இடைவெளியில் அருகருகே வாழ்ந்தன. துறைமுகத்தில், கையிற் கோலேந்திய வாத்திய அணித் தலைவன். நெல்விளையும் கிராமங்களில், இடுப்பில் மத்தளங் கட்டிய அண்ணாவியார். முன்னவன் பெற்றது கல்வி எனவும், பின்னவர் பெற்றது வெறும் பழக்கம் எனவும் கருதப்பட்டமை எங்ஙனம்? இக்கட்டுரை ஆராய முற்படுவது இதனையே.

பழந்தமிழ்ச் சான்று

பல கருவிகளின் கூட்டொலியைப் பழந்தமிழர் பல்லியம் என்றனர். பல்லியத்தை அமைக்கும் முறை பற்றி எமக்குக் கிடைக்கும் விரிவான பழைய சான்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையாகும். மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறப்புகும் இளங்கோவடிகள், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர் ஒவ்வொருவரும் எவற்றைக் கற்றிருத்தல் வேண்டுமென முறையாக வகுத்துரைக்கின்றார். தொழில்முறைக் கலைஞர்க்குரிய பாடத்திட்டம் என்றே இப்பகுதியைக் கொள்ளலாம். உ. வே. சாமிநாதையர் 1892இல் அடியார்க்குநல்லார் உரையுடன் இந்நூலைப் பதிப்பித்த பின்னரே இச்செய்திகள் கற்றோரிடையே பரவலாயின.

இவருள் எமது கவனத்துக்கு முதன்மையாக உரியவன் தண்ணுமையாசிரியன். ஆடல், பாடல், இசை, தமிழ், பண், தாளம் என்பன யாவும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். தன் கருவியை மட்டும் வல்லவனாக இருத்தல் போதாது. பிற கருவிகள் குறைவுபடுமிடத்து அக்குறையை நிரப்பவும், மிகைபடுமிடத்து அம்மிகையை அடக்கவும், அதுவும் வெளியே தோன்றாவண்ணம் செய்யவும் அவன் கற்றிருத்தல் வேண்டும் என்பது நூலாசிரியர் கருத்து. இசை நெறியாள்கைக்கு இதனினும் செறிவான வரைவிலக்கணத்தைக் காண்பது அரிது.

மேலும், குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், தண்ணுமையைத் தொடர்ந்து முழவும் வந்திசைந்த ஒழுங்கும் அக்காதையிற் கூறப்படுகின்றது. ஒவ்வொருவனும் தனக்கு முன்னுள்ளவனைச் செவியால் பின்பற்றுவதே அங்குக் கூட்டிசையின் அடிப்படை. இசைக்காது வெறுமனே நின்று கட்டளையிடும் ஒருவன் அங்கில்லை. நெறிப்படுத்துவோன் இசைக்கு உள்ளிருந்தே நெறிப்படுத்துகின்றான்.

கோலேந்தியவன் தோன்றிய கதை

இசைக்காத தலைவன் மேலைநாட்டிலும் தொன்மையானவன் அல்லன். 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியக் குழுக்களைப் பெரும்பாலும் முதல் வயலின் வாசிப்போரோ விசைப்பலகைக் கருவி வாசிப்போரோ தாம் இசைத்தவாறே நடத்தினர். சில இடங்களில் தரையில் தடியால் தட்டித் தாளமிடும் வழக்கமும் இருந்தது. பிரெஞ்சு அரசவை இசையாளர் லுல்லி அவ்வாறு தட்டுகையிற் காலிற் காயமுற்று, அதனாலேயே 1687இல் மாண்டார்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கைத்தொழிற் புரட்சியின் விளைவாக எழுந்த நகர மத்தியதர வர்க்கம், கட்டணஞ் செலுத்தி இசை கேட்கும் பொது மண்டபங்களை நாடியது. மண்டபங்கள் பெருகவே குழுக்களும் பெருத்தன. பல பத்து இசைஞர் கூடிய விடத்து, ஒருவர் வாசித்துக்கொண்டே மற்றையோரை நடத்துதல் இயலாததாயிற்று. 1835இல் லைப்சிக் நகர இசைக்குழுவின் பொறுப்பை ஏற்ற மெண்டல்சோன் சிறு கோலால் குழுவை நடத்தி அதன் தரத்தை உயர்த்தினார். 1843இல் அந்நகரிலேயே இசைக் கல்லூரி நிறுவுவதிலும் முன்னின்றார். 1855இல் பெர்லியோஸ் நெறியாள்கை பற்றி ஒரு நூற்பகுதியை வெளியிட்டார். கோலைப் பிடிப்பது எவ்வாறு, நான்கடித் தாளத்தைக் கீழ், இடம், வலம், மேல் எனக் காட்டுவது எவ்வாறு என்பனவெல்லாம் அங்கு விளக்கப்பட்டன.

இம்மாற்றத்தின் சமூகப் பொருளை நன்குணர்ந்தவர் கார்ல் மார்க்ஸ். தனி வயலின் வாசிப்போன் தன்னைத் தானே நெறிப்படுத்திக் கொள்கின்றான், ஆனால் வாத்தியக் குழுவுக்குத் தனியொரு நெறியாளன் தேவைப்படுகின்றான் என்னும் உவமையை அவர் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்றொகுதியிற் கூட்டுழைப்பை விளக்குமிடத்து எடுத்தாண்டார். அந்நெறியாளன் இசைக்கருவிகளின் உடைமையாளனாக இருக்க வேண்டியதில்லை என்பதனையும் அவர் பிறிதோரிடத்திற் சுட்டினார். கோலேந்தியவன் உழைப்புப் பிரிவினையின் விளைவு என்பது இதனாற் பெறப்படும்.

இத்தொழிலுக்குரிய கல்வியும் அப்பிரிவினைக்கேற்பவே அமைந்தது. பல கருவிகளுக்குரிய சுரங்களை ஒரே பக்கத்தில் மேல்கீழாக எழுதிய முழுத்தொகுப்பைக் கண்ணால் வாசித்து மனத்தாற் கேட்டல், செவிப்பயிற்சி, சுரவிணைவு இலக்கணம், ஒவ்வொரு கருவியின் எல்லையும் இயல்பும் அறிதல், வலக்கையால் காலத்தையும் இடக்கையால் ஒலியின் ஏற்றத்தாழ்வையும் காட்டுதல், ஒத்திகையைக் குறித்த நேரத்துள் நடத்துதல் என்பன அதன் கூறுகள். இவற்றுள் கடினமானது, இசை தொடங்குமுன் காட்டப்படும் ஒரேயோர் ஆயத்த அசைவாகும். வரவிருக்கும் காலவேகமும் ஒலியளவும் உணர்ச்சியும் அவ்வசைவில் அடங்கியிருத்தல் வேண்டும். பம்பாயிற் பிறந்த சுபின் மேத்தா 1954இல் வியன்னா சென்று ஹான்ஸ் ஸ்வாரோவ்ஸ்கியிடம் கற்றது இக்கல்வியையே. எனினும், பம்பாயில் வாத்தியக் குழுவை அமைத்து நடத்திய தந்தையாரின் ஒத்திகைகளே அவருடைய முதற் பள்ளியாயின என்பது கருதத்தக்கது. எழுத்துவழிக் கல்வியின் அடியிலும் உடனிருந்து கற்கும் மரபொன்று உண்டு.

துறைமுகத்துக் கோல்

திருகோணமலைக்கு இக்கோல் வந்து சேர்ந்தது இசையரங்கின் வழியாகவன்று, படையின் வழியாகவே. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1957இல் இலங்கை அரசிடம் கையளிக்கும் வரை இதனைக் கடற்படைத் தளமாகப் பயன்படுத்தினர். படைக்கு வாத்திய அணி இன்றியமையாதது. நடைக்கு ஒழுங்கு, ஆணைக்குக் குறியீடு, ஆட்சிக்கு ஆடம்பரம் ஆகிய மூன்றையும் அதுவே அளித்தது.

வாத்திய அணித் தலைவரைப் பயிற்றுவிப்பதில் ஆங்கில அரசு காட்டிய அக்கறைக்குக் கிரிமியப் போர்க்கால நிகழ்ச்சியொன்று காரணமாகக் கூறப்படுவதுண்டு. 1854இல் ஸ்கூட்டாரியில் அரசியின் பிறந்தநாள் அணிவகுப்பின்போது பல படைப்பிரிவுகளின் அணிகள் ஒரே வேளையில் தேசிய கீதத்தை வெவ்வேறு அமைப்புகளிலும் சுருதிகளிலும் இசைத்தமையாற் பெருங்குழப்பம் நேர்ந்ததாம். 1857இல் இலண்டனுக்கு அண்மையில் நெல்லர் ஹால் என்னுமிடத்திற் படை இசைப் பள்ளி தொடங்கப்பெற்றது. கடற்படைக்கெனத் தனி இசைப் பள்ளி 1903இல் நிறுவப்பட்டது. பெரிய போர்க்கப்பல்களில் வந்திறங்கிய அணிகளின் தலைவர்கள் இத்தகைய கல்வியின் விளைபொருட்களே.

இக்கல்வியின் பயன் நகர மக்களுக்கு எவ்வளவு கிட்டியது? செவியாற் கேட்கும் அளவே எனலாம். படை இசைப் பள்ளிகள் குடியேற்ற நாட்டு மக்களுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஆயினும், அவற்றின் புறவடிவம் நிலைத்து நின்றது. பாடசாலை விளையாட்டு விழாவில் இன்றும் மாணவர் அணியின் முன்னே கோல் சுழற்றி நடக்கும் தலைவனை இலங்கையெங்கும் காண்கின்றோம். அவனுக்குக் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் நடையும் கோலின் சுழற்சியுமே; அவ்வசைவின் பின்னிருந்த இசைக் கல்வி அவனை வந்தடைவது அருமை. குடியேற்றவாதம் கோலை விட்டுச்சென்றது; கல்வியைத் தன்னோடு கொண்டுசென்றது.

அண்ணாவியாரின் பள்ளி

துறைமுகத்திலிருந்து தென்மேற்கே, கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களுக்கிடையே உள்ளது தம்பலகாமம். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோணேசர் கோயிலை அழித்த பின்னர், ஆதிகோணநாயகர் கோயில் எழுந்த ஊர் அது. குடாவின் தெற்கே கொட்டியாரப்பற்று. மட்டக்களப்பிற் செழித்த வடமோடி, தென்மோடிக் கூத்துமரபு இப்பகுதிக் கிராமங்களிலும் வழங்கி வந்துள்ளது. இங்குதான் நாம் எமது மரபின் இசை நெறியாளரைச் சந்திக்கின்றோம்.

அண்ணாவியார் என்பவர் யார்? அவரை ஆட்டம் பழக்கும் ஆசான் என்று மட்டும் கொள்வது குறைவுடையது. வட்டக்களரியில் மத்தளத்துடன் நின்று, சல்லரி கொட்டுவோனையும் பிற்பாட்டுக்காரரையும் ஆடிப் பாடும் கூத்தரையும் ஒருசேர நடத்துபவர் அவர். அரசன், மந்திரி, அரசி, வேடன் என ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவுத் தாளக்கட்டு வேறு, ஆட்டம் வேறு, பாடலின் மெட்டு வேறு. இரவு முழுதும் நிகழும் கூத்தில் இவை யாவும் அவர் நினைவிலிருந்தே எழுதல் வேண்டும். அவர் முன்னே முழுத்தொகுப்பு விரித்து வைக்கப்படுவதில்லை. ஏட்டைப் பார்த்துப் பாடலடி எடுத்துக் கொடுப்போர் உடனிருப்பினும், காலமும் தாளமும் முழுமையாக அவர் பொறுப்பே.

அவருடைய பணியைச் சற்று நுணுகி நோக்குவோம். கூத்தன் விரைந்து களைப்புற்று ஆட்டம் தளருமிடத்து, மத்தளம் ஓங்கி அவனைத் தாங்குகின்றது. அவன் தாளத்தை முந்த முனையுமிடத்து, அதே மத்தளம் இழுத்துப் பிடிக்கின்றது. தாளந் தீர்க்கும் தறுவாயில் அண்ணாவியாரின் ஒரு பார்வை, தலையின் ஓர் அசைவு, மத்தளத்தின் ஓர் அழுத்தமான அடி என்பன அனைவரையும் ஒரே புள்ளியிற் கொண்டுவந்து நிறுத்துகின்றன. தண்ணுமையாசிரியனுக்கு இளங்கோவடிகள் வகுத்த இலக்கணம், ஏறத்தாழ அவ்வண்ணமே கிழக்கிலங்கைக் களரியில் வாழ்வதைக் காண்கின்றோம். இடையே தொடர்ச்சியான நூற்சான்று உண்டென நாம் வாதிக்கவில்லை. ஒத்த தேவை ஒத்த கலையைத் தோற்றுவித்திருக்கலாம். ஒப்புமை மட்டும் ஐயத்துக்கிடமற்றது.

கற்கும் முறையும் படிமுறை கொண்டது. கூத்துப் பழகத் தொடங்குகையில் பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் ‘சட்டங் கொடுத்தல்’ நிகழும். பின்னர் ஆட்டமும் பாட்டும் பல வாரங்கள், சில வேளை மாதங்கள் பழக்கப்படும். தொடர்ந்து சதங்கை அணியும் சடங்கு; முழுமையாக ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல்; இறுதியில் அரங்கேற்றம். இத்தொடரில் வருங்கால அண்ணாவியார் தனியே அமர்த்திக் கற்பிக்கப்படுவதில்லை. சிறுவனாய்க் களரியோரம் அமர்ந்து கேட்டவன், பின் கூத்தனாய் ஆடி, பிற்பாட்டுக்காரனாய்ப் பாடி, சல்லரி தொட்டு, ஈற்றில் மத்தளத்துக்கு வருகின்றான். தான் நடத்தவிருக்கும் ஒவ்வொருவரின் இடத்திலும் அவன் முன்னர் நின்றிருக்கின்றான். ஒவ்வொரு கருவியின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டுமென மேலைநாட்டுக் கல்லூரி வற்புறுத்தியது. அதனையே களரி வாழ்வின் போக்கிற் கற்பித்தது.

தொழிலென்ற வகையில் வேறுபாடு பெரிது. லைப்சிக்கில் நெறியாளன் சம்பளம் பெற்றான். அண்ணாவியார் பெற்றது அரங்கேற்றத்தின்போது ஊரார் அளித்த சன்மானமும் மதிப்புமே. வேளாண்மையோ வேறு தொழிலோ அவருடைய சீவனோபாயமாக இருந்தது. அறுவடை முடிந்த ஓய்வுக்காலமே கூத்துப் பழகுங்காலம். எனவே, அக்கலையின் விதி வயலின் விதியோடும் ஊரின் விதியோடும் பிணைந்திருந்தது.

பல்கலைக்கழக மேடையில்

அண்ணாவியாரைக் கற்றோர் உலகுக்கு ஆசானாக அறிமுகப்படுத்திய பெருமை பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு உரியது. அவர் 1960களில் அண்ணாவிமார் மாநாடுகளைக் கூட்டினார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பட்டப்படிப்பு மாணவர்க்கு ஆட்டமும் தாளமும் பழக்கினார். ஏடறிந்தோர் கேட்டறிந்தவரின் முன் மாணாக்கராய் நின்ற அக்காட்சி எமது கல்வி வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

எனினும், நெறியாள்கை நோக்கில் அம்மேடையேற்றம் ஒரு சிக்கலையும் தோற்றுவித்தது. சூழ்ந்திருந்து பார்க்கும் வட்டக்களரி, ஒருபுறமிருந்து பார்க்கும் படச்சட்ட மேடையாயிற்று. இரவு முழுதும் நிகழ்ந்த கூத்து சில மணி நேரத்துள் அடங்கியது. கூத்தரோடு கூடவே அசைந்த அண்ணாவியார் மேடையின் பக்கத்துக்கு ஒதுங்க நேர்ந்தது. கலையைப் புதிய பார்வையாளரிடம் கொண்டுசெல்ல இம்மாற்றம் தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், கூத்தனின் காலையும் மூச்சையும் கையெட்டுந் தூரத்தில் உணர்ந்து அடித்த மத்தளம், அங்கு முன்கூட்டியே வரையறுத்த அளவுக்கு அடிக்க வேண்டியதாயிற்று. முடிவெடுக்கும் பொறுப்பில் ஒரு பகுதி அண்ணாவியாரிடமிருந்து நாடக நெறியாளரிடம் சென்றது.

1990களிற் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘இன்னியம்’ வேறொரு விடையை முன்வைத்தது. மேலைத்தேய வாத்திய அணிக்கு மாற்றாகப் பறை, மத்தளம், உடுக்கு, சல்லரி முதலிய கருவிகளைக் கொண்டு, கூத்தின் ஆட்டமுறையில் அசையும் அணியொன்று விருந்தினரை வரவேற்கவும் ஊர்வலத்தை நடத்தவும் அமைக்கப்பட்டது. துறைமுகம் எமக்கு விட்டுச்சென்ற கோலுக்குக் களரி அளித்த மறுமொழியாக இதனைக் கொள்ளலாம். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட பறை கல்விக்கூடத்தின் முன்வாயிலுக்கு வந்தமை இதன் மற்றொரு சிறப்பு.

தமிழகத்தில் எம். பி. சீனிவாசன் மேற்கொண்ட முயற்சியும் ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. தொழிற்சங்க இயக்கத்திலும் திரையிசையிலும் பணியாற்றிய அவர், 1970களில் சென்னை இளைஞர் இசைக்குழுவின் வாயிலாகத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் சேர்ந்திசையை வளர்த்தார். தொழில்முறைப் பாடகரல்லாத இளைஞரை ஒன்றுதிரட்டி, மேலைநாட்டுப் பல்குரல் அமைப்பையும் எமது மெட்டுகளையும் இணைத்தார். 1988இல் இலட்சத்தீவிற் சிறுவர்க்குச் சேர்ந்திசை பயிற்றச் சென்றிருந்தவிடத்து அவர் காலமானார். கோலின் மரபைக் கற்றுத் தம் மக்களுக்குப் பயன்படுத்துதல் இயலும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

எல்லைகளும் இழப்புகளும்

மரபைப் போற்றுமிடத்து அதன் எல்லைகளை மறைத்தல் ஆய்வாளர்க்குத் தகாது. களரி ஊரின் பொதுச் சொத்தாயினும், ஊர் என்பது சாதியாற் பிரிந்தே இருந்தது. யார் எவரோடு ஆடலாம், எவர் எக்கருவியைத் தொடலாம் என்பனவற்றை நிலமானிய உறவுகளே தீர்மானித்தன. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். மத்தளம் பெண்ணின் கைக்கு வரவில்லை. நட்டுவாங்கத்திலும் இந்நிலையே நெடுங்காலம் நிலவியது. ஆடியவர் பெண், தாளத்தையும் சொற்கட்டையும் கையிற் கொண்டு நடத்தியவர் ஆண். தமிழகத்தில் முதற் பெண் நட்டுவனார்களுள் ஒருவராகக் கருதப்படும் கே. ஜே. சரசா போன்றோர் 20ஆம் நூற்றாண்டிலேயே அவ்வெல்லையைக் கடந்தனர். ஆகவே, மரபைக் காத்தல் என்பது அதனைப் பழையபடியே மீட்பதாக இருத்தலாகாது. கற்கும் உரிமையை விரிப்பதாக இருத்தல் வேண்டும்.

இழப்பின் காரணங்களும் பல. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை போன்ற அமைப்புகள், படிமுறைத் தேர்வுகள் மூலம் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நடனம் ஆகியவற்றுக்குச் சான்றிதழ் வழங்கி இசைக் கல்வியைப் பரவலாக்கின. சான்றிதழ் ஆசிரிய நியமனத்துக்கு வழிவகுத்தது. சான்றிதழற்ற அண்ணாவியாரின் அறிவு அந்நிலையிற் பிழைப்புக்கு உதவாததாயிற்று. பெற்றோர் பிள்ளைகளை எங்கு அனுப்பினர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றினும் கொடியது போர். திருகோணமலை மாவட்டக் கிராமங்கள் 1980களிலிருந்து மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2006இல் மூதூர் கிழக்கு மக்கள் வெளியேற நேர்ந்தது. சம்பூர் மக்களுட் பலர் தம் காணிகளுக்குத் திரும்ப 2015 வரையும் அதற்குப் பின்னரும் காத்திருந்தனர். வீணை கற்றவர் தம் கலையைத் தம்மோடு கொண்டுசெல்லலாம். ஓர் ஊரை நெறிப்படுத்தக் கற்றவர் எதனைக் கொண்டுசெல்வார்? கூத்தரும் பிற்பாட்டுக்காரரும் வெவ்வேறு முகாம்களிற் சிதறிய பின், மத்தளம் கையிலிருந்தும் நடத்துதற்கு ஆளில்லை. ஊர் குலையுமிடத்து முதலிற் குலைவது நெறியாளனின் கலையே.

முடிவாக

இதுகாறும் கூறியவற்றால், இசை நெறியாள்கை எமக்கு அயலான கலை அன்று என்பதும், கோலேந்தும் மரபும் மத்தளம் ஏந்தும் மரபும் வெவ்வேறு சமூகத் தேவைகளின் விளைவுகள் என்பதும் புலனாகும். இரண்டும் திருகோணமலையில் நெடுங்காலம் அருகருகே இருந்தும், ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடைப்பட்ட வேலி அவற்றை ஒன்றையொன்று அறியவிடவில்லை. இன்று அவ்வேலி இல்லை. ஆகவே, அறியாமைக்குச் சாட்டும் இல்லை.

செய்யவேண்டியன சில உள. எஞ்சியுள்ள அண்ணாவிமாரின் தாளக்கட்டுகளை ஒலியாக மட்டுமன்றி, அவர்தம் கையும் கண்ணும் தலையசைவும் தெரியும் வண்ணம் காட்சியாகவும் பதிவுசெய்தல் வேண்டும். அழகியற் கல்வி நிறுவனங்கள் அவர்களை விழாக்காலத்தில் மட்டும் அழையாது, ஊதியம் பெறும் ஆசிரியராக ஏற்றல் வேண்டும். பாடசாலை அணித் தலைமைக்குத் தெரிவாகும் மாணவனும் மாணவியும் கோலின் அசைவோடு, குறையை நிரப்பி மிகையை அடக்கும் செவியையும் பெறுதல் வேண்டும்.

சுவாமி விபுலானந்தர் 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். 1947இல் வெளிவந்த அவருடைய ‘யாழ் நூல்’, அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணங் கூறும் பகுதியின் விரிவாக்கமாகவே வளர்ந்தது. யாழ் மறைந்து பல நூற்றாண்டுகளின் பின் அந்நூல் எழுதப்பட்டது. ஆதலின், கணிதமும் சிற்பமும் பழைய உரைகளும் கொண்டே மறைந்ததை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. அதே காதையிற் கூறப்படும் தண்ணுமையாசிரியனுக்கும் அத்தகைய முழுமையான நூலொன்று எழுதப்படல் வேண்டும். அந்நூலை எழுதுவோர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. அவர்கள் ஆராயவேண்டிய கை இன்னும் மத்தளத்தின் மீதே இருக்கின்றது. அது ஓய்வதற்கு முன் நாம் களரிக்குச் செல்லுதல் வேண்டும்.